பேரிடர்க் காலத்தில் கட்டடங்களின் இன்றியமையாப் பணிகள்: மும்பை தரும் பாடம்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் நகரின் தென்கோடியிலுள்ள கொலாபா நிலையத்தில் பதிவான மழை ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே மாநகரத்தின் ஒரு முனையில் சாதாரணப் பருவமழை. மறு முனையில் வரலாறு காணாத வெள்ளம். நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கணக்கிற்கொண்டு, அதிலும் பாதி நீரே வடிகாலுக்கு வந்து சேரும் என்ற அனுமானத்தில் அமைக்கப்பட்டவை. அன்று பிற்பகலில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆறு கரைபுரண்டது.

இவ்வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். சாலைகளில் நின்ற நீரைப் பற்றியும் ஆற்றின் ஆக்கிரமிப்பைப் பற்றியும் அதன்பின் நிறைய எழுதப்பட்டது. மாதவ சிதளே தலைமையில் அமைந்த உண்மையறியும் குழுவும் 2006-இல் தன் அறிக்கையை அளித்தது. ஆனால் இவற்றுள் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் மிகப் பெரும்பாலான கட்டடங்கள் இடியவில்லை. மேல்மாடி வீடுகளில் நீர் புகவுமில்லை. எனினும் அவ்வீடுகளில் விளக்கில்லை, குடிநீரில்லை, கழிப்பறைக்கு நீரில்லை, தொலைபேசியில்லை. முதியோரும் நோயாளிகளும் கீழே இறங்க வழியில்லை. கட்டடங்கள் நிலைத்து நின்றன. அவற்றுள் மக்கள் வாழ்வதற்குத் தேவையான பணிகளோ நின்றுபோயின.

இது ஏன் நேர்கிறது, இதைத் தவிர்க்க இயலுமா, இயலுமெனில் அதற்கான செலவு யாரைச் சார்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நெருக்கடி நேரத்தில் ஒரு கட்டடத்தின் பணிகள் தொடர்ந்து நடைபெறுவதை, அங்குள்ள எந்திரங்களின் எண்ணிக்கையோ விலையோ முடிவு செய்வதில்லை. அவை வைக்கப்பட்டுள்ள இடம், எது முதலில் இயங்க வேண்டும் என்ற முன்னுரிமை, அதை இயக்குவதற்குப் பொறுப்பேற்றவர் ஆகிய மூன்றுமே முடிவு செய்கின்றன. இம்மூன்றும் பேரிடருக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

சங்கிலித் தொடர்பு

குடிநீர், மின்சாரம், கழிவுநீர் அகற்றல், மின்தூக்கி, தீயணைப்பு, தகவல் தொடர்பு, எரிவாயு ஆகியவற்றை ஒரு கட்டடத்தின் இன்றியமையாப் பணிகள் எனலாம். பட்டியலில் இவை தனித்தனியாகத் தோன்றினாலும் நடைமுறையில் ஒன்றையொன்று சார்ந்தவை.

மும்பையின் குடிநீரை எடுத்துக்கொள்வோம். தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய தொலைதூர நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீர் குறிப்பிட்ட சில மணி நேரமே தெருக்குழாய்களில் ஓடுகிறது. பெரும்பாலான கட்டடங்களில் அந்நீர் முற்றத்தின் அடியிலுள்ள தரைத்தொட்டியில் நிரம்பும்; அங்கிருந்து பம்பு அதை மொட்டைமாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும்; பின்னர் வீடுகளுக்கு அது தானே இறங்கும். ஆகவே மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் குடிநீர் நிற்கும். குடிநீர் நின்றால் கழிப்பறை பயன்படாது. கழிப்பறை பயன்படாவிடில் சுகாதாரம் கெடும். தொலைபேசியின் மின்னேற்றம் தீர்ந்தால் உதவி கோரவும் வழியில்லை. பணிகள் ஆறேழு என்று எண்ணுகிறோம். உண்மையில் அவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். அச்சங்கிலியின் முதற்கண்ணி பெரும்பாலும் தரைத்தளத்தில், மாடிப்படியின் கீழுள்ள மீட்டர் அறையிலேயே இருக்கிறது.

மழைநீர் மீட்டர் அறையில் புகுந்தால், மின்கசிவினால் உயிர்ச்சேதம் நேராதிருக்க மின் வழங்கும் நிறுவனம் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். 2005-இல் மும்பையின் புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் இவ்வாறே மின்சாரம் நிறுத்தப்பட்டது. இது சரியான முடிவே. குறை அம்முடிவில் இல்லை. முழங்கால் அளவு நீர் புகுந்தாலும் கட்டடம் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் மீட்டர் பலகையைப் பொருத்தியதில் இருக்கிறது. தரைத்தொட்டியின் மூடி தரைமட்டத்திலேயே இருந்தால், அதன் வழியாகச் சாக்கடை கலந்த வெள்ளநீர் உட்புகும். மின்சாரம் திரும்பியவுடன் அந்நீரை அறியாது மேலேற்றினால் மேல்நிலைத் தொட்டியும் கெடும்.

தொலைவில் தொடங்கும் தடை

நெருக்கடி எப்போதும் கட்டடத்தின் வாயிலில்தான் தொடங்கும் என்பதில்லை. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று காலை 10 மணியளவில் மும்பையின் பெரும்பகுதி மின்சாரமின்றித் தவித்தது. கல்வா, பட்கா பகுதிகளின் உயர் அழுத்த மின் தொடர்களில் ஏற்பட்ட தடையே காரணம். புறநகர் மின்ரயில்கள் நடுவழியில் நின்றன. பெருந்தொற்றுச் சிகிச்சை உச்சத்தில் இருந்த காலம் அது. மருத்துவமனைகள் ஜெனரேட்டர்களுக்கென 8 மணி நேரத்திற்குக் குறையாத டீசலை வைத்திருக்க வேண்டுமென மாநகராட்சி நிர்வாகம் அன்று அறிவுறுத்தியது.

வெளியில் மின்தொடர் அறுந்தாலும் நகரைத் தனித்தீவு போலப் பிரித்து, உள்ளூர் மின் நிலையங்களின் துணையால் இயக்கும் ஏற்பாடு மும்பைக்கு நெடுங்காலமாக உண்டு. அன்று அது எதிர்பார்த்தவாறு கைகொடுக்கவில்லை. 1956 முதல் மின்சாரம் உற்பத்தி செய்துவரும் டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைச் சன்னலிலிருந்து காணக்கூடிய செம்பூர்வாசிகளும் இருளிலேயே இருந்தனர். மின் நிலையத்திற்கு அருகில் வாழ்வது மின்சாரத்திற்கு உறுதியாகாது.

2021-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று அதிகாலைப் பெருமழை மற்றொரு பாடத்தைத் தந்தது. செம்பூரின் மாஹுல் பகுதியிலுள்ள பாரத் நகரில் மலைச்சரிவில் சுவர் இடிந்து குடிசைகள் மீது விழுந்து பலர் மாண்டனர். அதே மழையில், நகரின் பெரும்பகுதிக்கு நீர் வழங்கும் பாண்டுப் நீர் சுத்திகரிப்பு வளாகத்தில் வெள்ளம் புகுந்து மின்கருவிகள் செயலிழந்தன. வெள்ளம் அண்டாத பகுதிகளிலும் குடிநீர் தடைப்பட்டது. நீரைக் காய்ச்சிப் பருகுமாறு மாநகராட்சி கேட்டுக்கொண்டது. மாபெரும் சுத்திகரிப்பு வளாகத்திற்கும் மாடிப்படியின் கீழுள்ள பம்பு அறைக்கும் பலவீனம் ஒன்றே என்பதை இதனால் உணரலாம்.

மூன்று பகுதிகள்

மும்பையில் தமிழர்கள் செறிந்து வாழும் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. எனினும் நம் பொருளைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன.

மாதுங்கா திட்டமிட்டு எழுந்த பகுதி. 1896-இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மனைப்பிரிவுகளில் இது உருவாயிற்று. மூன்று, நான்கு மாடிகளும் அகன்ற படிக்கட்டுகளும் கொண்ட இதன் பழைய கட்டடங்கள் மின்தூக்கியை நம்பி எழுந்தவையல்ல. நல்ல காற்றும் வெளிச்சமும் உடையவை. ஆனால் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் போன்ற தாழ்வான இடங்களில் ஆண்டுதோறும் நீர் தேங்குகிறது. நகரின் வடிகால் அமைப்பைச் சீரமைக்க 1993-இல் அளிக்கப்பட்ட அறிக்கையின் அடிப்படையில் திட்டமிடப்பட்ட எட்டு நீரேற்று நிலையங்களுள், இப்பகுதிக்கும் செம்பூருக்கும் உதவக்கூடிய மாஹுல் நிலையம் நிலம் கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால் பல ஆண்டுகள் தாமதமுற்றது. பெருந்திட்டம் நிறைவேறும்வரை ஒவ்வொரு கட்டடமும் தன் மீட்டர் அறையைத் தானே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

செம்பூர் உயர்ந்து வரும் பகுதி. பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் பல மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று இங்குள்ள திலக் நகரில் உயர்மாடிக் குடியிருப்பொன்றில் மூண்ட தீயில் ஐவர் உயிரிழந்தனர். அக்கட்டடத்தின் தீயணைப்பு அமைப்பு இயங்கவில்லை என்று செய்திகள் வெளியாயின. தீயணைப்பு அமைப்பு சீராக இயங்குவதை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்றளிக்க வேண்டுமென மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம் கட்டளையிடுகிறது. சட்டம் இருக்கிறது, குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்பதை யாரேனும் சென்று திறந்து பார்த்தாலன்றி அறிய இயலாது. மேலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த இப்பகுதியில் எரிவாயுக் கசிவு போன்ற நெருக்கடிகளையும் கருத வேண்டும். கசிவு நேர்ந்தால் எவற்றை இயக்காதிருக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. ஒரு சுவிட்சின் பொறியும் ஆபத்தாகலாம்.

தாராவியின் நிலை வேறு. இங்கு மக்களில் பெரும்பகுதியினர்க்கு வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது, பொதுக்கழிப்பறைகளையே நம்பியுள்ளனர். ஒரு குழாயைச் சில குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. மின் மீட்டர்கள் குறுகிய சந்துகளின் சுவர்களில் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. வீடே பட்டறையாகவும் இருப்பதால் மின்தடை அன்றைய கூலியையும் நிறுத்திவிடும். நாம் இதுவரை 'கட்டடம்' என்று பேசியதற்கு இங்கு இணையானது தனி வீடன்று. நூற்றுக்கணக்கானோருக்குப் பயன்படும் பொதுக்கழிப்பறையும் அதன் தொட்டியும் பம்பும் விளக்குமே. அப்பம்பு நின்றால் ஒரு குடும்பம் அல்ல, ஒரு சந்தே துன்புறும். விளக்கு அணைந்தால் பெண்களும் குழந்தைகளும் இரவில் அங்குச் செல்ல அஞ்சுவர். 2020 ஏப்ரலில் பெருந்தொற்று தாராவியை எட்டியபோது பொதுக்கழிப்பறைகளைத் தூய்மையாக வைத்திருப்பதே நோய்த்தடுப்பின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று.

தாழ்ந்த இடத்திலுள்ள கண்ணி

ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. உலகின் மிகச் செல்வம் மிக்க நகரங்களுள் ஒன்றான நியூயார்க்கின் அனுபவம் இதனை மறுக்கிறது. 2012 அக்டோபர் இறுதியில் வீசிய சாண்டி புயலின்போது அங்குள்ள பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத 13-ஆவது மாடியில் பாதுகாப்பாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன. அவை மூழ்கவே, ஊழியர்களும் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று எண்ணெயைக் கைமாற்றி மேலே கொண்டுசேர்த்தனர். அருகிலிருந்த மற்றொரு பெரிய மருத்துவமனையில் மாற்று மின்சாரம் செயலிழந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அன்றிரவே வெளியேற்றப்பட்டனர்.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகியபோது, கரையோரமாக இருந்த தனியார் மருத்துவமனையொன்றில் வெள்ளம் புகுந்து மின்சாரம் தடைப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த உயிரிழப்புகள் நாட்டையே உலுக்கின. அவற்றின் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடும் எழுந்தது. எவ்வாறாயினும், மாற்று மின்சாரம் இருப்பது வேறு, வெள்ளத்தின்போதும் அது இயங்குவது வேறு என்பதை அந்நிகழ்ச்சி நினைவூட்டியது.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி எளியது: ஒரு பணியின் பாதுகாப்பு அதன் மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள உறுப்பின் பாதுகாப்பே ஆகும். ஒவ்வொரு பணிக்கும் தொடக்கம் முதல் இறுதிவரை உள்ள எல்லா உறுப்புகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று குறித்தாலே போதும். பலவீனமான கண்ணி தானே புலப்படும். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஓர் அளவுகோலும் ஒரு மணி நேரமும் போதும்.

தேவையைக் கணக்கிடுதல்

அடுத்ததாக முன்னுரிமை. 60 குடும்பங்கள், குடும்பத்திற்கு நால்வர் வீதம் 240 பேர் வாழும் கட்டடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான திட்ட அளவின்படி இவர்களின் தேவை 32,400 லிட்டர். பேரிடர்க் காலத்தில் பருகவும், சமைக்கவும், அடிப்படைத் தூய்மைக்கும் ஒருவருக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலகளவில் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் அளவு. அதன்படி இவர்களின் அவசரத் தேவை 3,600 லிட்டரே.

இக்கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டி 20,000 லிட்டர் கொள்ளும் எனில், வழக்கம்போல் பயன்படுத்தினால் அந்நீர் 15 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்தடை ஏற்பட்டவுடன் வெளிவாயை மூடி, காலையும் மாலையும் அளவாகத் திறந்துவிட்டால் அதே நீர் ஐந்து நாட்களுக்கு மேல் வரும். ஒரு ரூபாயும் செலவின்றி, ஒரு வால்வைத் திருப்புவதால் மட்டுமே கிடைக்கும் பயன் இது. பெருமழைக் காலமாயின் கழிப்பறைக்கு மொட்டைமாடி மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்தலாம். ஆனால் தெருவின் கழிவுநீர்க் குழாய் நிரம்பி நிற்கும்போது மேல்மாடியில் ஊற்றும் நீர் தரைத்தள வீட்டுக் கழிப்பறையின் வழியே பொங்கி வரும் என்பதை மேல்மாடியில் வாழ்வோர் மறத்தலாகாது. கழிவுநீர் எதிர்த்தோடாமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது இதற்குத் தக்க தடுப்பாகும்.

மின்சாரத்தின் கணக்கும் இதுபோன்றதே. 32,400 லிட்டர் நீரை 30 மீட்டர் உயரத்திற்கு ஏற்றக் கோட்பாட்டளவில் 2.65 யூனிட் போதும். பம்பின் திறனை 40 சதவீதமாகக் கொண்டாலும் 7 யூனிட்டுக்கு மிகாது. ஒரு வீட்டின் குளிர்சாதனக் கருவி ஓர் இரவில் ஏறத்தாழ இவ்வளவு மின்சாரத்தைச் செலவிடும். அதாவது 60 குடும்பங்களின் முழுநாள் குடிநீருக்குரிய மின்சாரமும் ஒரு படுக்கையறையின் ஓரிரவுக் குளிர்ச்சிக்குரிய மின்சாரமும் சற்றேறக்குறையச் சமம். ஆகவே கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் தரும் பெரிய ஜெனரேட்டர் வாங்க வசதியில்லை என்று கூறி, ஒன்றும் செய்யாதிருப்பது பிழையான பொருளாதாரமாகும். பம்பு, படிக்கட்டு விளக்கு, ஒரு மின்தூக்கி, தொலைபேசிக்கு மின்னேற்றும் இடம், மூச்சுக்கருவி போன்றவற்றை நம்பியிருக்கும் நோயாளியின் வீடு ஆகியவற்றைத் தனி இணைப்பில் பிரித்துவிட்டால் சிறிய எந்திரமே போதும். பிரிக்கப்படாத இணைப்பில் பெரிய எந்திரமும் திணறும்.

செலவு யாருடையது?

இவ்வளவு எளிதெனில் ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வி எழும். இதற்கான விடையைப் பொருளாதாரத்தில் தேட வேண்டும். பேரிடர்க்கான ஏற்பாடு ஒருவகைக் காப்பீடு. அதன் பயன் என்றோ ஒருநாள்தான் தெரியும். செலவோ ஒவ்வொரு மாதப் பராமரிப்புக் கட்டணத்திலும் தெரிகிறது. அன்றியும், அது கூட்டுப் பொருள். ஒருவர் பணம் செலுத்தினாலும் செலுத்தாவிடினும் தொட்டியின் நீர் அனைவருக்குமே இறங்கும். எனவே பிறர் செய்யட்டும் எனக் காத்திருப்பது ஒவ்வொருவருக்கும் இலாபமாகத் தோன்றும். முடிவில் ஒருவரும் செய்யார். தரைத்தளக் கடைக்காரர் மின்தூக்கிக்குப் பணம் தர விரும்புவதில்லை. மேல்மாடியில் இருப்பவருக்குத் தரைத்தொட்டியின் மூடியைப் பற்றிக் கவலையில்லை.

இதனைக் கடக்கத் தேவையான கருவி கூட்டுறவு முறையிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகளின்படி, கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம் பழுதுபார்ப்பு நிதிக்கும் 0.25 சதவீதம் தேய்மான நிதிக்கும் உறுப்பினர்களிடமிருந்து திரட்டப்பட வேண்டும். இந்நிதி பெரும்பாலும் வண்ணம் பூசுவதற்கும் வாயிலை அழகுபடுத்துவதற்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. மீட்டர் பலகையை உயர்த்துவதற்கும் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கு நான் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். ஒரு குடியிருப்பில் நல்ல ஜெனரேட்டர் இருந்தது. நீண்ட மின்தடை ஏற்பட்ட நாளில் அது இயங்கவில்லை. எந்திரத்தில் பழுதில்லை, அதைத் தொடக்கும் மின்கலம் செயலற்றிருந்தது. அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையறியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் மாடியிலிருந்த முதியவர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி நால்வர் தூக்கி இறக்கினர். எந்திரத்திற்கு விலை கொடுத்த சங்கம், அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கவில்லை.

தனித்தனியே எந்திரம் வாங்க இயலாதவர்கள் கூட்டாகச் சமாளிக்க இயலும் என்பதற்குத் தமிழ்நாடு சான்று. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கி, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, வாடகை ஜெனரேட்டரை வண்டியிலேற்றி ஊர்தோறும் கொண்டுசென்று, மேல்நிலைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக நிரப்பினர். ஒரு தொட்டி நிரம்ப ஆகும் நேரம் சில மணியே; பின் அதே எந்திரம் அடுத்த ஊருக்குச் செல்லலாம். மாதுங்காவின் ஒரு தெருவிலுள்ள பத்துச் சங்கங்களோ, தாராவியில் பத்துப் பொதுக்கழிப்பறைகளைப் பராமரிக்கும் குழுக்களோ ஒரே எந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தடையேதுமில்லை. அதனை இணைப்பதற்கான பொருத்துவாய் ஒவ்வொரு பம்பு அறையிலும் முன்கூட்டியே, தகுதி பெற்ற மின்பணியாளரால் அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மழைக்காலத்திற்கு முன், மே மாத இறுதிக்குள் ஒவ்வொரு கட்டடத்திலும் நிறைவேற்றத்தக்க பணிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. அறியப்பட்ட உயர்ந்தபட்ச வெள்ள மட்டத்தைச் சுவரில் நிலையாகக் குறித்து வைத்தல்.

2. மீட்டர் பலகை, பம்பின் மோட்டார், ஜெனரேட்டர், அதன் எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றை அம்மட்டத்திற்கு மேல் அமைத்தல். இயலாவிடின் அவ்வறையின் வாயிலில் நீர்த்தடுப்பு உயர்த்துதல். மீட்டர் இடமாற்றத்தை மின் வழங்கும் நிறுவனத்தின் ஒப்புதலின்றிச் செய்தலாகாது.

3. தரைத்தொட்டியின் வாயைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்தி, நீர் புகா மூடியிடுதல். வெள்ளம் புகுந்த தொட்டியைக் கழுவி, குளோரின் இட்டுச் சோதித்த பின்னரே பம்பை இயக்குதல்.

4. இன்றியமையா இணைப்புகளைத் தனியாகப் பிரித்தல்.

5. ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை பளுவேற்றி இயக்கிப் பார்த்துப் பதிவேட்டில் குறித்தல். அதன் புகை உயிர்க்கொல்லியாதலால் மூடிய அறையிலோ படிக்கட்டிலோ இயக்காதிருத்தல்.

6. முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளின் பட்டியலையும், மாநகராட்சியின் பேரிடர் உதவி எண்ணாகிய 1916 உள்ளிட்ட எண்களையும் தாளில் எழுதி வைத்தல். மின்சாரம் இல்லாத இரவில் தாளே நம்பகமான பதிவேடு.

7. ஒவ்வொரு பணிக்கும் ஒரு பொறுப்பாளரையும் அவர் இல்லாதபோது செயற்பட ஒருவரையும் நியமித்து, சாவியின் இடத்தை இருவரும் காவலாளியும் அறியச் செய்தல்.

இவற்றுள் இரண்டாவது மட்டுமே பெருஞ்செலவு வேண்டுவது. ஏனையவை கவனத்தையே வேண்டுகின்றன.

அரசின் பங்கு இங்கு முடிந்துவிடுவதில்லை. 2005 வெள்ளம் நிகழ்ந்த அதே ஆண்டின் இறுதியில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. இன்றியமையாச் சேவைகளின் தடையைக் குறைப்பதை 2015-இல் உருவான செண்டாய் உடன்பாடு தன் உலகளாவிய இலக்குகளுள் ஒன்றாக ஏற்றது. 2019-இல் பேரிடர் தாங்கும் உட்கட்டமைப்புக்கான கூட்டணியை இந்தியா முன்னின்று தொடங்கிற்று. இவ்வுயரிய கொள்கைகள் பயன் தருவது, வட்டார அலுவலர் ஒருவர் கட்டட வரைபடத்தை விரித்து, மீட்டர் அறை எந்த மட்டத்தில் உள்ளது என்று கேட்கும்போதுதான். தாராவி போன்ற பகுதிகளில் பொதுக்கழிப்பறையின் பம்பும் விளக்கும் மருத்துவமனைக்கு அடுத்த முன்னுரிமை பெறத்தக்கவை. அவற்றின் செலவை அங்குள்ள மக்களின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. கூட்டுறவுச் சங்கமோ தேய்மான நிதியோ இல்லாத இடத்தில் பொது நிதியே முன்வர வேண்டும்.

உயரும் தாராவி

தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் செயற்படத் தொடங்கியுள்ள இக்காலத்தில் இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இன்று சந்தில் வாழும் குடும்பத்திற்கு நீர் தெருக்குழாயிலிருந்து நேரே குடத்திற்கு வருகிறது. மின்சாரம் இல்லாவிடினும் அக்குடும்பம் எப்படியோ ஒரு குடம் நீரைப் பெற்றுவிடும். வாயிலைத் தாண்டினால் தெரு. அதே குடும்பம் பதினைந்தாம் மாடியில் குடியேறினால் அதற்குத் தனிக் கழிப்பறை கிடைக்கும். உறுதியான கூரை கிடைக்கும். இவை பெரும் பேறுகள், ஐயமில்லை. ஆனால் அன்றுமுதல் அதன் ஒவ்வொரு குடம் நீரும் ஒரு பம்பையும், முதியவரின் ஒவ்வொரு பயணமும் ஒரு மின்தூக்கியையும் நம்பியிருக்கும். மின்தடையைத் தாங்கும் ஆற்றலில் அக்குடும்பம் முன்னைவிட நலிந்துவிடக்கூடும். அவ்வெந்திரங்களைப் பராமரிக்கும் மாதக் கட்டணமும் குறைந்த வருவாயினர்க்குப் புதிய சுமை.

ஆகவே குறைந்த வருவாயினர்க்கான உயர்மாடிக் கட்டடங்களில் மாற்று மின்சாரம், போதிய மேல்நிலைத் தொட்டி, வெள்ள மட்டத்திற்கு மேலான மின் அறை ஆகியவற்றைச் செல்வர்களின் கட்டடங்களுக்குரிய வசதிகளாகக் கருதாமல், குடியிருப்பின் அடிப்படை உறுப்புகளாகவே கருத வேண்டும். அவற்றின் பராமரிப்புக்கான வைப்பு நிதி, வீட்டுச் சாவி கைமாறும் நாளுக்கு முன்பே சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். மித்தி ஆற்றின் ஓரமான அப்பகுதியில் தரைத்தளத்தின் உயரத்தை முடிவு செய்வோர் 2005-ஆம் ஆண்டின் நீர்க்குறியைத் தம்முன் வைத்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

வரைபடத்தில் ஒரு மின் அறையைக் கீழிருந்து மேலே மாற்றுவதற்கு ஓர் அழிப்பானும் ஒரு பென்சிலும் போதும். கட்டடம் எழுந்தபின் அதற்கே இலட்சக்கணக்கில் செலவாகும். வெள்ளம் வந்தபின் எவ்வளவு செலவழித்தாலும் அது இயலாது. கட்டட வரைபடங்களைப் பயிலும் மாணவர்களும் அவற்றிற்கு ஒப்புதல் வழங்கும் அலுவலர்களும் இதனை மனத்திற்கொள்வார்களாக.